தனியார் மண் அணைகளும் அபாய வகைப்பாடும்

அணை என்றவுடன் பக்ரா, ஹிராகுட், நாகார்ஜுன சாகர் போன்ற பெருந்திட்டங்களே நினைவுக்கு வருகின்றன. இவற்றைக் கண்காணிக்கப் பொறியாளர்கள் இருக்கின்றனர். நீர்மட்டம் நாள்தோறும் பதிவு செய்யப்படுகிறது. மதகுகளுக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு நடைபெறுகிறது. நாட்டில் இவ்வாறு சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றுள்ள அணைகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இப்பதிவேட்டில் இடம்பெறாத அணைகளும் உண்டு. கர்நாடகத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் கோடை நீர்ப்பாசனத்துக்காக ஓடையின் குறுக்கே எழுப்பிய மண் கரை, ஓர் ஆலை தன் தேவைக்காக அமைத்துக்கொண்ட நீர்த்தேக்கம், ஓர் அறக்கட்டளையின் நிலத்தில் பல தலைமுறைகளுக்கு முன் வெட்டப்பட்ட ஏரி, உல்லாச விடுதியின் அழகுக்காகத் தேக்கப்பட்ட செயற்கைக் குளம் ஆகியவை இத்தகையவை. இவற்றின் உயரம் எட்டு மீட்டராகவோ பன்னிரண்டு மீட்டராகவோ இருக்கலாம். இவற்றுக்கு வரைபடம் இருப்பது அரிது. இவற்றைப் பார்வையிட வேண்டிய அலுவலர் யார் என்பதும் பெரும்பாலும் தெளிவாக இருப்பதில்லை.

சிறிய அணையால் நேரும் தீங்கும் சிறியதாகவே இருக்கும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். அனுபவம் இதற்கு மாறாக உள்ளது. ஓர் அணையால் விளையக்கூடிய அபாயத்தை நிர்ணயிப்பதில் அதன் உயரத்தைவிட, அதன் கீழ்ப்புறத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதே முக்கியமானது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளுள் ஒன்று 1977-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது.

டொக்கோவா அருவியின் மேல் ஓர் அணை

ஜார்ஜியாவின் வடகிழக்கில் டொக்கோவா ஓடை ஓர் உயர்ந்த அருவியாக விழுகிறது. அருவிக்கு மேலே, 1899-ஆம் ஆண்டில் சிறியதொரு நீர்மின் நிலையத்துக்காக மரச் சட்டங்களுக்கிடையே கற்களை நிரப்பி ஒரு தடுப்பு கட்டப்பட்டது. பின்னர் அவ்விடம் அருவியின் கீழே அமைந்திருந்த ஒரு சமயக் கல்வி நிறுவனத்தின் வசம் வந்தது. மின்சாரத் தேவை பெருகவே, 1937-இல் அந்தப் பழைய தடுப்பின் மேலேயே மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரை மீண்டும் உயர்த்தப்பட்டது. இறுதியில் அதன் உயரம் சுமார் 12 மீட்டராகவும், நீளம் சுமார் 120 மீட்டராகவும் ஆயிற்று. இதுவே கெல்லி பார்ன்ஸ் அணை.

1957-இல் மின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதன் பின் ஏரி பொழுதுபோக்குக்கு மட்டுமே பயன்பட்டது. அணையிலிருந்து வருவாய் கிடைப்பது நின்றது. அதைக் கவனிக்க வேண்டிய பொருளாதாரக் காரணமும் அத்துடன் மறைந்தது. கரையில் மரங்கள் வளர்ந்தன. கரையின் வெளிச்சரிவு முன்பே மிகவும் செங்குத்தாக இருந்தது. 1973-இல் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படத்தில் அச்சரிவின் ஒரு பகுதி சரிந்து கிடந்தது பதிவாகியிருந்ததைப் பின்னாளில் விசாரணைக் குழுவினர் கண்டனர். அந்தச் சரிவு என்ன சொல்கிறது என்பதை அறிந்து நடவடிக்கை எடுக்கும் பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

1977 நவம்பர் முதல் வாரத்தில் அப்பகுதியில் நான்கு நாட்களில் சுமார் 18 சென்டிமீட்டர் மழை பெய்தது. நவம்பர் 6-ஆம் நாள் அதிகாலை 1.30 மணிக்கு அணை உடைந்தது. அப்போது ஏரியில் இருந்த நீர் ஏறத்தாழ 7.8 இலட்சம் கன மீட்டர். வெள்ளத்தின் உச்ச அளவு விநாடிக்குச் சுமார் 680 கன மீட்டர் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. அருவியின் வழியே இறங்கிய இந்நீர், உறங்கிக்கொண்டிருந்த கல்லூரி வளாகத்தின் குடியிருப்புகளை அடித்துச் சென்றது. குழந்தைகள் உட்பட 39 பேர் உயிரிழந்தனர்.

பெரிய நீர்ப்பாசனத் திட்டம் ஒன்றின் கொள்ளளவோடு ஒப்பிட்டால் 7.8 இலட்சம் கன மீட்டர் என்பது அற்பமான அளவு. எனினும், ஒரு பள்ளத்தாக்கின் குறுகிய வாயில் வழியே, நள்ளிரவில், முன்னறிவிப்பின்றி அது பாய்ந்தபோது 39 உயிர்களைக் கொள்ளப் போதுமானதாக இருந்தது.

மண் அணை உடைவது எவ்வாறு?

மண் அணை எளிமையான கட்டுமானம். அருகில் கிடைக்கும் மண்ணை அடுக்கடுக்காக இட்டு, ஈரமாக்கி, கெட்டிப்படுத்தினால் அது நூற்றாண்டுகள் நிற்கும். இந்தியாவின் பண்டைய ஏரிக் கரைகளே இதற்குச் சான்று. ஆனால் மண்ணுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. தன் மேல் வழிந்தோடும் நீரை அதனால் தாங்க இயலாது. தன் உள்ளே ஓடும் நீரையும் ஓரளவுக்கு மேல் தாங்க இயலாது.

முதலாவது ஆபத்து மேல்வழிவு. உபரி நீர் வெளியேறும் கலிங்கு போதிய அகலமின்றி இருந்தாலோ, மரக்கிளைகளும் குப்பையும் அடைத்துக்கொண்டாலோ, ஏரியின் நீர் கரையின் உச்சியைத் தாண்டி வழியும். வெளிச்சரிவில் ஓடும் நீர் முதலில் புல்லைப் பெயர்க்கும். பின் ஓர் ஓடையை அறுக்கும். சிறிது நேரத்திலேயே அவ்வோடை உடைப்பாக மாறும். நீர்மட்டத்துக்கும் கரையின் உச்சிக்கும் இடையே போதிய உயரம் விட வேண்டும் என்ற விதி இதற்காகவே ஏற்பட்டது.

இரண்டாவது ஆபத்து உள்ளரிப்பு. எல்லா மண் கரைகளிலும் சிறிதளவு கசிவு இருந்தே தீரும். கசியும் நீர் தெளிவாக இருக்கும் வரை அச்சமில்லை. அது கலங்கி வரத் தொடங்கினால், கரையின் உள்ளிருக்கும் மண்ணைச் சுமந்து வருகிறது என்று பொருள். கரையின் உள்ளே ஒரு துளை உருவாகி, வெளிப்புறத்திலிருந்து ஏரியை நோக்கிப் பின்வாங்கி வளரும். துளை ஏரியை எட்டியதும் உடைப்பு ஏற்படும். பட்டுப்போன மரத்தின் வேர்கள் அழுகி விட்டுச் சென்ற வழிகள், எலிகளும் நண்டுகளும் தோண்டிய வளைகள், மதகுக் குழாயை ஒட்டிய தளர்ந்த மண் ஆகியவை இதற்கு வழி கோலுகின்றன.

மதகுக் குழாயின் முக்கியத்துவத்துக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1982 ஜூலை 15 அன்று உடைந்த லான் லேக் அணை நல்ல எடுத்துக்காட்டு. மலை மேல் இருந்த அந்த மண் அணையின் உயரம் சுமார் 8 மீட்டரே. விவசாயிகள் அமைத்த ஒரு பாசன நிறுவனத்துக்கு அது சொந்தமானது. குழாயின் ஓர் இணைப்பில் இருந்த ஈயப் பூச்சு சிதைந்து, அதன் வழியே கசிந்த நீர் கரையை அரித்தது. மூவர் இறந்தனர். மூன்று கோடி டாலருக்கும் மேற்பட்ட சேதம் ஏற்பட்டது.

மூன்றாவது ஆபத்து சரிவு. கரை நீரில் ஊறிக் கனத்து, வலுவிழந்து, செங்குத்தான வெளிச்சரிவின் ஒரு பகுதி வழுக்கி இறங்கும். எஞ்சிய மெல்லிய பகுதி நீரின் அழுத்தத்தைத் தாங்காது. டொக்கோவாவில் இத்தகைய சரிவும், அதனுடன் உள்ளரிப்பும் சேர்ந்திருக்கக்கூடும் என்பதே விசாரணைக் குழுவின் முடிவு. ஒரே காரணத்தைத் திட்டவட்டமாகச் சுட்ட அக்குழுவால் இயலவில்லை. வரைபடங்களோ, மண் பரிசோதனைக் குறிப்புகளோ இல்லாத அணையின் வரலாற்றை, அது உடைந்த பின் எழுதுவது எளிதன்று.

நிலை வேறு, அபாயம் வேறு

அணைப் பாதுகாப்பில் இரண்டு கேள்விகள் அடிக்கடி ஒன்றோடொன்று குழப்பப்படுகின்றன. 'இந்த அணை உறுதியாக இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'இந்த அணை உடைந்தால் என்ன நேரும்?' என்பது மற்றொரு கேள்வி. முதலாவது அணையின் நிலையைப் பற்றியது. இரண்டாவது அதன் அபாயத்தைப் பற்றியது. அபாய வகைப்பாடு இரண்டாவது கேள்விக்கு மட்டுமே விடை கூறுகிறது.

ஆகவே, 'உயர் அபாய அணை' என்று ஓர் அணை வகைப்படுத்தப்பட்டால் அது பழுதடைந்தது என்று பொருளல்ல. புதிதாக, செம்மையாகக் கட்டப்பட்ட அணையும் ஓர் ஊரின் தலைமாட்டில் இருக்குமானால் உயர் அபாய அணையே. சிதைந்து கிடக்கும் கரையின் கீழே புல்வெளி மட்டுமே இருக்குமானால் அது குறைந்த அபாய அணையே. வகைப்பாட்டைக் கேட்டு உரிமையாளர் மனம் புண்படவோ, மக்கள் பீதியடையவோ காரணமில்லை. இரண்டு விடைகளும் சேரும்போதுதான் எங்கே முதலில் பணம் செலவிட வேண்டும் என்பது தெளிவாகும். உயர் அபாயமும் பழுதடைந்த நிலையும் ஓரிடத்தில் கூடினால், அங்கே தாமதத்துக்கு இடமில்லை.

அமெரிக்காவில் வழங்கும் வகைப்பாடு மூன்று படிகளைக் கொண்டது. அணை உடைவதால் ஓர் உயிரேனும் போகக்கூடும் என்றால் உயர் அபாயம். உயிரிழப்புக்கு வாய்ப்பில்லை, ஆயினும் கணிசமான பொருள் இழப்போ, சாலை, குடிநீர் போன்ற வசதிகளின் முடக்கமோ நேரும் என்றால் குறிப்பிடத்தக்க அபாயம். உரிமையாளரின் சொத்துக்கே பெரும்பாலும் சேதம் என்றால் குறைந்த அபாயம். இங்கு உயரமோ கொள்ளளவோ பேசப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அந்நாட்டின் தேசிய அணைப் பதிவேட்டில், மிகச் சிறிய அணைகளை விலக்குவதற்கு உயர வரம்பும் கொள்ளளவு வரம்பும் உண்டு. ஆனால் உயிரிழப்பை விளைவிக்கக்கூடிய அணை எவ்வளவு சிறியதாயினும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.

வகைப்பாட்டின் பயன் கலிங்கின் அளவை முடிவு செய்வதில் நன்கு விளங்கும். நூறாண்டுகளுக்கு ஒரு முறை வரக்கூடிய வெள்ளத்துக்கு ஏற்பக் கலிங்கு அமைத்தால் போதும் என்று பலர் கருதுகின்றனர். அத்தகைய வெள்ளம் எந்த ஓர் ஆண்டிலும் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஆனால் ஐம்பது ஆண்டுக் காலத்தில் ஒரு முறையேனும் அவ்வளவு அல்லது அதற்கு மேற்பட்ட வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட நூற்றுக்கு நாற்பது. கீழே புல்வெளி மட்டும் இருந்தால் இந்த வாய்ப்பை ஏற்கலாம். கீழே ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் எந்த நிர்வாகமும் இதை ஏற்க இயலாது. எனவே, அணை சிறியதே ஆயினும் உயர் அபாய வகையைச் சேர்ந்ததானால், நிகழக்கூடிய உச்ச வெள்ளத்தில் பாதியையேனும், தேவையானால் முழுவதையும் வெளியேற்றும் வகையில் கலிங்கு அமைய வேண்டும் என்று அமெரிக்கப் பொறியாளர் படையின் நெறிமுறைகள் கூறின.

வகைப்பாடு மாறிக்கொண்டே இருப்பது

அணை இடம் பெயர்வதில்லை. அதன் கீழே உள்ள உலகம் மாறுகிறது. காட்டு ஓடையாக இருந்த இடத்தில் சாலை வருகிறது. சாலையோரத்தில் தேநீர்க் கடை வருகிறது. பின் மனைகள் பிரிக்கப்பட்டு வீடுகள் எழுகின்றன. அணையில் ஒரு கூடைமண் கூடச் சேர்க்கப்படாமலேயே அது குறைந்த அபாயத்திலிருந்து உயர் அபாயத்துக்கு மாறிவிடுகிறது. வீடு வாங்குபவருக்கு மேலே ஓர் ஏரி இருப்பது தெரியாது. ஏரியின் சொந்தக்காரருக்குக் கீழே வீடுகள் வந்தது தெரிந்தாலும், அதனால் தம் பொறுப்பு கூடிவிட்டது என்பது தெரியாது.

ஹவாய் மாநிலத்தின் கவாய் தீவில் 2006 மார்ச் 14 அன்று அதிகாலையில் உடைந்த கா லோகோ அணை இதற்குச் சான்று. கரும்புத் தோட்டப் பாசனத்துக்காக 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டு, பின்னர் தனியார் ஒருவரின் உடைமையாக இருந்த மண் அணை அது. அரசுப் பதிவேட்டில் அது குறைந்த அபாய அணை என்றே குறிக்கப்பட்டிருந்தது. அது உடைந்தபோது கீழே இருந்த வீடுகள் அடித்துச் செல்லப்பட்டு 7 பேர் இறந்தனர். உபரி நீர் வெளியேறும் வழி மண்ணால் மூடப்பட்டிருந்தது என்பது விசாரணையில் முக்கியப் பொருளாயிற்று. உரிமையாளர் பின்னர் குற்றவியல் வழக்கில் சிறைத் தண்டனை பெற்றார். அணையை நேரில் ஆய்வு செய்யாத மாநில நிர்வாகமும் குறைகூறலுக்கு உள்ளாயிற்று. பதிவேட்டில் ஒரு முறை எழுதிய வகைப்பாட்டை மீண்டும் திறந்து பார்க்காவிட்டால், அது பாதுகாப்புக்குப் பதிலாகப் பொய்யான நம்பிக்கையையே தருகிறது.

உரிமையாளரின் கணக்கும் சமுதாயத்தின் கணக்கும்

தனியார் அணையில் பொருளாதார இயலின் பழைய பிரச்சினை ஒன்று அடங்கியுள்ளது. கரையைப் பராமரிக்கும் செலவு முழுவதும் உரிமையாளரைச் சாரும். கரை உடைந்தால் நேரும் இழப்பின் பெரும்பகுதி கீழே வாழ்பவர்களைச் சாரும். உரிமையாளர் தமக்கு நேரும் இழப்பை மட்டும் கணக்கிட்டால், சமுதாயத்துக்குத் தேவையான அளவைவிடக் குறைவாகவே பராமரிப்புக்குச் செலவிடுவார். அவர் தீய எண்ணம் கொண்டவராக இருக்க வேண்டியதில்லை. ஏரியால் வருவாய் இல்லாதபோது கரையில் முளைத்த மரத்தை வெட்டக் கூலி கொடுப்பதுகூட அவருக்கு வீண் செலவாகவே தோன்றும்.

செல்வ வளமும் இதற்குப் பரிகாரமாகாது. 1889 மே 31 அன்று அமெரிக்காவின் ஜான்ஸ்டவுன் நகரை அழித்து 2,200-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த சவுத் ஃபோர்க் மண் அணை, பெருஞ்செல்வர்களின் பொழுதுபோக்கு மன்றம் ஒன்றுக்குச் சொந்தமானது. மீன்கள் தப்பிவிடாதிருக்கக் கலிங்கில் வலைத் தடுப்புகள் வைக்கப்பட்டிருந்தன. வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உச்சி தாழ்த்தப்பட்டிருந்தது. நீரை வடிக்கும் அடிக்குழாய்கள் முன்பே அகற்றப்பட்டு, மீண்டும் அமைக்கப்படவில்லை.

இத்தகைய இழப்புக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளன. இங்கிலாந்தில் ஓர் ஆலை முதலாளியின் நீர்த்தேக்கத்திலிருந்து நீர் கசிந்து, பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில் 1868-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இயல்பில் இல்லாத அளவு நீரைத் தம் நிலத்தில் தேக்கி வைப்பவர், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் அது தப்பிச் செல்வதால் நேரும் இழப்புக்குப் பொறுப்பாவார் என்ற கோட்பாடு இதனால் நிலைபெற்றது.

சில ஆண்டுகளுக்குள்ளேயே இக்கோட்பாடு இந்திய ஏரிக் கரை ஒன்றின் மேல் சோதிக்கப்பட்டது. இன்று ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த கார்வேட்டிநகரம் ஜமீனில் பெருமழையின்போது ஏரிகள் உடைந்து சென்னை இரயில்வே கம்பெனியின் பாதைக்குச் சேதம் விளைந்தது. கம்பெனி தொடுத்த வழக்கில் பிரிவி கவுன்சில் 1874-இல் ஜமீன்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஏரிகள் நாட்டின் உழவுக்கு இன்றியமையாதவை. அவற்றைக் காக்கும் கடமை ஜமீன்தாருக்கு உண்டேயன்றி அவற்றை ஒழிக்கும் உரிமை கிடையாது. எனவே கவனக்குறைவு இருந்தாலன்றி அவர் பொறுப்பல்லர் என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஊர் முழுவதற்கும் சோறு போடும் ஏரியையும், ஒருவரின் இலாபத்துக்காக நிற்கும் நீர்த்தேக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கலாகாது என்ற கருத்து இதில் உள்ளது. பிற்காலத்தில் இந்திய உச்ச நீதிமன்றம், தில்லியில் நிகழ்ந்த அமிலப் புகைக் கசிவு வழக்கில், ஆபத்தான தொழிலை நடத்தும் நிறுவனம் அதனால் விளையும் தீங்குக்கு விதிவிலக்கின்றிப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிலைக்கு முன்னேறியது.

ஆயினும் வழக்கு என்பது உயிர் போன பின் நடப்பது. சிறிய தோட்டத்தின் உரிமையாளரோ, ஓர் அறக்கட்டளையோ, முழு உடைமையையும் விற்றாலும் ஒரு கிராமத்தின் இழப்பை ஈடு செய்ய இயலாமல் போகலாம். எனவே இழப்பீட்டுச் சட்டம் மட்டும் போதாது. முன்கூட்டிய ஆய்வும் ஒழுங்குமுறையும் தேவை. டொக்கோவா நிகழ்ச்சிக்குப் பின் அமெரிக்கா இதைச் செய்தது. தேசிய அணை ஆய்வுச் சட்டம் 1972-லேயே நிறைவேறியிருந்தது. ஆனால் ஆய்வுகளுக்குப் போதிய நிதி ஒதுக்கப்படவில்லை. 1977-இல்தான் குடியரசுத் தலைவர் கார்ட்டரின் உத்தரவுப்படி, கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமல்லாத உயர் அபாய அணைகளின் ஆய்வு தொடங்கியது. 1981-க்குள் சுமார் 8,800 அணைகள் ஆராயப்பட்டன. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை என்று கண்டறியப்பட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றின் குறை கலிங்கின் போதாமையே. ஜார்ஜியா மாநிலமும் 1978-இல் தனக்கென அணைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது.

இந்தியச் சட்டத்தின் எல்லை

1961-இல் பான்ஷெட் அணையும், 1979-இல் மச்சு இரண்டாம் அணையும் உடைந்ததால் நேர்ந்த பேரழிவுகளை நாடு மறக்கவில்லை. நீண்டகால விவாதத்துக்குப் பின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021-இல் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையம், மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு ஆகியவை இதன் கீழ் அமைந்தன. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடத்துவதும், ஐந்தாண்டுகளுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிப்பதும் உரிமையாளரின் கடமைகள். உரிமையாளர் என்ற சொல்லில் அரசுகளுடன் கம்பெனிகளும் அடங்கும். அணைகளை அபாய நோக்கில் வகைப்படுத்துவது மாநில அமைப்பின் பணிகளுள் ஒன்று.

ஆனால் இவை யாவும் 'குறிப்பிட்ட அணை'களுக்கே பொருந்தும். 15 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ள அணை இவ்வகையில் சேரும். 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ளதானால், அதன் நீளம் 500 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது கொள்ளளவு 10 இலட்சம் கன மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது உச்ச வெள்ளம் விநாடிக்கு 2,000 கன மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அல்லது அடித்தளத்தில் தனிப்பட்ட சிக்கலோ, வழக்கத்துக்கு மாறான வடிவமைப்போ இருக்க வேண்டும்.

கெல்லி பார்ன்ஸ் அணையை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பது பயனுள்ளது. உயரம் சுமார் 12 மீட்டர். நீளம் 120 மீட்டர். உடைந்த இரவில் இருந்த நீர் 7.8 இலட்சம் கன மீட்டர். நீளம், கொள்ளளவு, வெள்ளம் ஆகிய மூன்று அளவுகளிலும் அது வரம்புக்குள் வராது. மண் கரையின் உள்ளே பழைய கல் தடுப்பு புதைந்திருப்பதை யாரேனும் அறிந்து சொன்னாலன்றி, வழக்கத்துக்கு மாறான வடிவமைப்பு என்ற பிரிவிலும் வராது. எட்டு மீட்டர் உயரமே உள்ள லான் லேக் அணையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 39 உயிர்களைக் கொன்ற அணைக்கு ஒப்பான ஒன்று இந்தியாவில் ஒரு தனியார் தோட்டத்தில் இருந்தால், அது சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிற்கக்கூடும்.

இதற்காகச் சட்டத்தைக் குறை கூற வேண்டியதில்லை. பெரிய அணைகளையே முழுமையாக ஆய்வு செய்ய ஆட்களும் நிதியும் போதாத நிலையில், எங்கேனும் ஓர் எல்லைக் கோடு வரையத்தான் வேண்டும். ஆனால் எல்லைக்கு அப்பால் உள்ளவை அபாயமற்றவை என்று கருதுவதுதான் தவறு. சிறிய அணைகளுக்கு நூறாண்டு வெள்ளத்தை அடிப்படையாகக் கொள்ளுமாறு கூறும் 1985-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி 11223-கூட, அபாயம் மிகுந்த இடங்களில் அதற்கு மேற்பட்ட வெள்ளத்தைக் கொள்ள இடமளிக்கிறது. மத்திய நீர் ஆணையம் 2020-இல் வெளியிட்ட அபாய வகைப்பாட்டு நெறிமுறைகள், உயிரிழப்பு, சொத்துச் சேதம், சுற்றுச்சூழல் மற்றும் பண்பாட்டு இழப்பு முதலியவற்றைக் கருத்தில் கொண்டு அணைகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கின்றன. கருவி நம்மிடம் உள்ளது. அதைச் சிறிய அணைகளுக்கும் எளிய வடிவில் பயன்படுத்துவதே எஞ்சியுள்ள பணி.

மாவட்ட அளவில் செய்யக்கூடியவை

இப்பணிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கீழ்க்கண்டவற்றை ஒரு மாவட்ட நிர்வாகம் தன்னிடமுள்ள அலுவலர்களைக் கொண்டே தொடங்கலாம்.

1. பட்டியல். செயற்கைக்கோள் படங்களில் நீர்ப்பரப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. அவற்றை வருவாய்த் துறைப் பதிவேடுகளுடன் ஒப்பிட்டால் தனியார் நிலங்களில் உள்ள தேக்கங்கள் வெளிப்படும். கிராம அலுவலருக்கு இவற்றில் பெரும்பாலானவை முன்பே தெரிந்திருக்கும்.

2. முதல்நிலை வகைப்பாடு. ஒவ்வொரு தேக்கத்துக்கும் மூன்று கேள்விகள் போதும். கீழே ஓடையோரத்தில் முதல் குடியிருப்பு எவ்வளவு தொலைவில் உள்ளது? இரவில் அங்கு எத்தனை பேர் உறங்குகின்றனர்? உடைப்பு நேர்ந்தால் நீர் அங்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? ஐந்து இலட்சம் கன மீட்டர் நீர் அரை மணி நேரத்தில் வடிந்தால் வெள்ளத்தின் சராசரி அளவே விநாடிக்கு 275 கன மீட்டருக்கு மேல் இருக்கும். ஒரு சிற்றோடையின் பாலம் இதைத் தாங்குமா என்பதை உள்ளூர்ப் பொறியாளர் கூறிவிடலாம். ஐயத்துக்குரியவற்றுக்கு மட்டும் விரிவான உடைப்பு ஆய்வு நடத்தினால் போதும்.

3. உரிமையாளரின் கடமைகள். கரையில் மரம் வளர விடலாகாது, புல் இருக்கலாம். கலிங்கை அடைக்கவோ, அதன் மட்டத்தைப் பலகையோ மணல் மூட்டையோ வைத்து உயர்த்தவோ கூடாது. கசிவு இருக்கும் இடங்களைக் குறித்து, நீர் தெளிவாக வருகிறதா, கலங்கி வருகிறதா என்று வாரந்தோறும் பார்க்க வேண்டும். மதகு ஆண்டுக்கு ஒரு முறையேனும் முழுவதும் திறந்து மூடப்பட வேண்டும். ஆபத்துக் காலத்தில் நீர்மட்டத்தைக் குறைக்க அதுவே கடைசி வழி.

4. எச்சரிக்கை. கலங்கிய கசிவையோ விரிசலையோ கண்டவர் யாருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், கீழே உள்ள வீடுகளை எழுப்புவது யார், மக்கள் எந்த மேட்டுக்குச் செல்ல வேண்டும் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கரையிலும், ஊராட்சி அலுவலகத்திலும், காவல் நிலையத்திலும் வைக்கலாம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமைந்த மாவட்ட ஆணையம் இதற்கு ஏற்ற அமைப்பு.

5. கட்டட அனுமதி. அணைக்குக் கீழே மனைப் பிரிவுக்கு ஒப்புதல் அளிக்கும் முன் பட்டியலைப் பார்க்க வேண்டும். புதிய குடியிருப்பு வந்தால் அணையின் வகைப்பாடு மறு ஆய்வு செய்யப்பட வேண்டும்.

6. ஓய்வு பெறும் அணைகள். பயன் முடிந்த அணையை அப்படியே விட்டுவிடுவது மிகவும் ஆபத்தானது. நீரை வடித்து, கரையைத் திட்டமிட்டு வெட்டித் திறந்து, ஓடையை அதன் வழியில் விடுவது பல இடங்களில் பராமரிப்பைவிடச் சிக்கனமானது. இதற்குச் சிறு உரிமையாளர்களுக்குத் தொழில்நுட்ப ஆலோசனையும், தேவையான இடங்களில் நிதி உதவியும் அளிப்பது பொதுநலனுக்கு உகந்தது. கீழே வாழ்பவர்களே இதனால் பெரும்பயன் அடைவதால், செலவின் ஒரு பகுதியைச் சமுதாயம் ஏற்பது பொருளாதார நோக்கிலும் நியாயமானதே.

அரசுக்குச் சொந்தமான சிறிய அணைகளுக்கும் இவை பொருந்தும். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் 2019 ஜூலை 2 இரவு திவரே அணை உடைந்து சுமார் 20 பேர் உயிரிழந்தனர். அது தனியாருடையதல்ல, நெடுங்காலத்துக்கு முன் கட்டப்பட்டதுமல்ல. கசிவைப் பற்றிக் கிராம மக்கள் முன்பே முறையிட்டிருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. கரையின் கீழே வாழ்பவர்களே அதன் முதல் கண்காணிப்பாளர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, நேரில் சென்று பார்க்கும் அலுவலர் ஒருவர் இருந்தால்தான் அக்கண்காணிப்பு பயன் தரும்.

டொக்கோவாவில் கரை சரிந்தது புகைப்படத்தில் பதிவான நாளுக்கும், அணை உடைந்த இரவுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் இருந்தன. அந்த நான்கு ஆண்டுகளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு பொறியாளர் கரையின் மேல் நடந்து, பின் கீழே திரும்பி அங்குள்ள வீடுகளையும் பார்த்திருந்தால், வெள்ளம் வருவதற்கு முன்பே ஏரியின் நீரை இறக்க வழி ஏற்பட்டிருக்கும். சிறிய அணைகளின் பாதுகாப்புக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் இந்த ஒரு நாள் வேலைதான். அந்த நாளை யார், எந்த அணைக்கு முதலில் ஒதுக்க வேண்டும் என்பதை முடிவு செய்யவே அபாய வகைப்பாடு உதவுகிறது.